அக்தோஸ் அழைத்துப் போன வீடு

கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தம் இல்லை. போன டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, அல்மாத்தி நகரத்தில், மாலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் எனக்கு நடந்தது இது. நேரத்தை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறாள் என்று கேட்பீர்கள். என் கைக்கடிகாரம் பேசும். பித்தானை அமுக்கினால் ஒரு பெண் குரல் மணி சொல்லும்.

பேய் என்றால் இருட்டு வேண்டும் என்பார்கள். பிறந்ததிலிருந்து எனக்குப் பார்வை இல்லை. மத்தியானமும் நடுராத்திரியும் எனக்கு ஒன்றுதான். அதனால் அப்போது வெளிச்சம் இருந்ததா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

என் பெயர் உல்ஜான். வயது நாற்பத்து மூன்று. ஒரு மருத்துவமனையில் மசாஜ் செய்கிறேன். தனியாக இருக்கிறேன். வழிகாட்டி நாய்க்காக ஆறு வருடம் வரிசையில் காத்திருந்தவள். ஆறு வருடமும் யாராவது ஒருவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் ரொட்டி வாங்கவும் போனேன். "எங்க போகணும்?" என்று கேட்பார்கள். எனக்கு எங்கும் போக வேண்டாம், சும்மா நடக்க வேண்டும் என்றால் யாருக்கும் புரியாது.

அந்த நாயை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் ரைஹான். பார்வையற்றோர் பள்ளியில் பதினோரு வருடம் அவள் கட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். அவளுக்கு ஒரு கண்ணில் கொஞ்சம் தெரியும். காகிதத்தை மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டு படிப்பாள். அதை வைத்தே எங்கள் பார்வையற்றோர் சங்கத்தில் எழுத்து வேலை வாங்கிவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு நாள் அவள் நாயோடு வந்து கதவைத் தட்டினாள்.

"பேரு நைதா. ரெண்டு வயசு. ரஷ்யாவுல பழக்கின நாய், நேத்துதான் ரயில்ல வந்து இறங்குச்சு. கன்னங்கரேல்னு இருக்கா, ஒரு புள்ளிகூடக் கிடையாது."

"நான்ல அங்க போய் ரெண்டு வாரம் பழகணும்? அதுதானே முறை?"

"வேற ஒருத்தருக்குன்னு வந்தது. அவர் வேண்டாம்னுட்டார். ரொம்பத் துருவாதே உல்ஜான், வரிசையில இருக்கற மத்தவங்க கத்துவாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. அவகிட்ட ருஷ்ய மொழியிலதான் பேசணும். நடுவுல கசாக் மொழி கலந்தா குழம்பிடுவா."

நான் துருவவில்லை. ஆறு வருடம் பட்டினி கிடந்தவள் தட்டில் என்ன விழுந்தது என்று பார்ப்பாளா?

முதல் நாளே தெருவில் இறங்கினோம். எங்கள் ஊரில் எல்லாத் தெருவின் ஓரத்திலும் மலைத் தண்ணீர் ஓடும் திறந்த வாய்க்கால் உண்டு. பார்வையற்றவர்கள் கால் உடைத்துக்கொள்வது பெரும்பாலும் அதில்தான். நைதா ஒவ்வொரு வாய்க்காலிலும் அழகாக நின்றாள். நான் காலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தாண்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரைஹானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கெட்டிக்கார நாய்," என்றாள், உடனே பேச்சை மாற்றிவிட்டாள். நேற்று ரயிலில் வந்த நாய்க்கு எங்கள் ஊர் வாய்க்கால் எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. தலையில் இடிக்கிற கிளை வந்தால் நிற்க வேண்டும் என்று இந்த நாய்களுக்குப் பழக்குவார்கள். நைதா நிற்பாள். நான் கையை முகத்துக்கு முன்னால் நீட்டுவேன். ஒன்றும் இருக்காது. நெற்றிக்கு மேலே துழாவுவேன். ஒன்றும் இருக்காது. கையை முழுசாகத் தூக்கி, குதிகாலை உயர்த்தினால் விரல் நுனியில் கிளை படும். நான் குள்ளம். என்னைவிட ஒரு முழம் உயரமான ஆளுக்குத்தான் அந்தக் கிளை இடிக்கும். ரொம்ப ஜாக்கிரதையான நாய் என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மூன்று மாதம். என் வாழ்க்கையிலேயே நல்ல மூன்று மாதம். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை குளிர் மைனஸ் பத்தொன்பது டிகிரி. வேலை முடிந்து வாசலில் நின்று அம்மாவோடு போனில் பேசினேன். அம்மா ஊரில் இருக்கிறாள், கசாக் மொழிதான் பேசுவாள். பேச்சு பாதியில் அறுந்துபோனது. குளிரில் போன் செத்துவிட்டது. கடிகாரத்தை அமுக்கினேன். நாலு மணி ஐந்து நிமிடம். நைதாவின் முதுகில் மாட்டிய சேணத்தின் கைப்பிடியைப் பிடித்தேன். வழக்கமாக "தமோய்" என்பேன். ருஷ்ய மொழியில் 'வீட்டுக்கு' என்று பொருள். அன்று அம்மாவோடு பேசிய நாக்கு, அதே வார்த்தையைக் கசாக் மொழியில் சொல்லிவிட்டது.

"உய்கெ."

நைதா நின்றாள். ஒரு நொடி. கைப்பிடி வழியாக அவள் உடம்பு நடுங்குவது எனக்குத் தெரிந்தது. பிறகு திரும்பி நடந்தாள். நடந்தாள் என்பதா, இழுத்தாள்.

எங்கள் ஊர் மலைச் சரிவில் இருக்கிறது. மலைப் பக்கம் மேலே, மறு பக்கம் கீழே. திசையைப் பாதம் சொல்லும். என் வீடு கீழே. என் தொடை வலிக்க ஆரம்பித்தது. நாங்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தோம்.

நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அப்படி இல்லை. நாய் உன் சொல்லை மீறினால், உனக்குத் தெரியாத ஆபத்து அதற்குத் தெரிந்திருக்கிறது, பேசாமல் பின்னால் போ. அதுதான் பாடம். எங்கேயோ குழி தோண்டியிருக்கிறார்கள், சுற்றிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். தெருக்களை எண்ணினேன். ஐந்து. ஆறு. பிறகு ஒரு முற்றம், காலடியில் அரைபடும் பனி, ஒரு இரும்புக் கதவு. உள்ளே படிக்கட்டு.

ஒன்பது படி, திருப்பம், ஒன்பது படி. என் கட்டடம் மாதிரியே. அதே குளிர்ந்த கைப்பிடிக் கம்பிகூட. இந்த ஊரில் பாதிக் கட்டடங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. மூன்றாவது மாடி, இடப்பக்கக் கதவு. என் வீட்டுக் கதவும் அதுவேதான். அப்பாடா என்று சாவியை எடுத்தேன். பூட்டுத் துவாரத்தைத் தேடினேன்.

சாவி நுழையவில்லை.

மறுபடி முயன்றேன்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது.

"வா, வா. வெளிய குளிரு."

ஆண் குரல். வயதானவர். குரல் என் தலைக்கு மேலே எங்கேயோ இருந்து வந்தது.

"மன்னிக்கணும் ஐயா, கதவு மாறி வந்துட்டேன்..."

"மாறல தங்கச்சி. அவ சரியாத்தான் வந்திருக்கா. அக்தோஸ்!"

கைப்பிடி என் கையிலிருந்து பறந்துபோனது. நைதா அழுதாள். குட்டி நாய் மாதிரி, மூச்சு முட்ட முட்ட. வால் சுவரில் அடிக்கும் சத்தம் கேட்டது. தப்... தப்... தப்... மூன்று மாதம் அவளுக்குக் கையால் சோறு ஊட்டியவள் நான். என்னிடம் ஒரு நாளும் அப்படி அழுததில்லை. எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் பொறாமைதான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவளைக் கூப்பிட்டுக்கொண்டு இரண்டு எட்டு உள்ளே வைத்தேன். அப்போதுதான் உறைத்தது.

அந்த வீட்டுக்கு வாசனை இல்லை.

எல்லா வீட்டுக்கும் வாசனை உண்டு. தேநீர், செருப்பு, பழைய கம்பளம், ஏதாவது ஒன்று. இங்கே ஒன்றுமே இல்லை. நாக்கைச் சொடுக்கிப் பார்த்தேன். நாங்கள் அப்படித்தான் அறையை அளப்போம், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும்.

திரும்பவில்லை.

"உல்ஜான்தானே? ரைஹான் சொன்னா."

"ரைஹானை உங்களுக்குத் தெரியுமா?"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, ஒரு வாரம் பாத்துக்கறேன்னு அக்தோஸை வாங்கிட்டுப் போனா. அப்புறம் செத்துட்டான்னா. நான் நம்பல. கதவுகிட்டயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். படியில அவ நகச் சத்தம் கேக்கும்னு."

பேசுகிறவர் இடையில் மூச்சு விடுவார் இல்லையா? அவர் விடவில்லை.

"நான் கெளம்பறேன் ஐயா... நைதா! வா!"

நைதா வரவில்லை. கட்டளையை ருஷ்ய மொழியில் சொன்னேன். வரவில்லை. கத்தினேன். அவள் படுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது, அந்தக் குரலின் காலடியில்.

என் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

க்ளிக்.

என் வலது முழங்கையை ஒரு கை பிடித்தது. முழங்கைக்குச் சற்று மேலே. நான் மற்றவர்களைப் பிடிக்கிற அதே இடத்தில்... அதே மாதிரி.

அவருக்கும் பார்வை இல்லை.

குளிராக இல்லை. கனமாக இல்லை. ஆனால் ஐந்து விரலையும் எண்ண முடிந்தது.

"நட தங்கச்சி. வெளிய போகணும். ரொம்ப நாளாச்சு."

உதறினேன்.

பையிலிருந்த மடக்குத் தடியை விரித்தேன்.

கதவு... தாழ்ப்பாள்... படி.

ஒன்பது. திருப்பம். ஒன்பது.

அந்தக் கை எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. காய்ந்த எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. வெள்ளிக்கிழமை. இறந்தவர்களுக்காக ஏழு ரொட்டி பொரிக்கும் நாள். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே விழுந்தேன். அங்கே குல்ஷாரா என்ற பெண் அடுப்படியில் நின்றிருந்தாள். என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மாடியில் என் நாய் மாட்டிக்கொண்டது என்றேன்.

"மேல எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"அங்க யாரும் இல்லையே! தாஸ்தெமிர் ஐயா வீடு. வாரிசு இல்லைன்னு சீல் வெச்சிருக்காங்க."

கரண்டியைக் கையில் பிடித்தபடியே மேலே போனாள். உடனே இறங்கி வந்தாள். குரல் மாறியிருந்தது.

"சீல் அப்படியே இருக்கு. காகிதம் கிழியல. பூட்டும் பூட்டினபடி இருக்கு... ஆனா உள்ள நாய் வாலை அடிக்குது."

ஐந்து மணி முப்பத்தைந்துக்கு அந்தப் பகுதிப் போலீஸ்காரர் வந்தார். சீலை அவர் அறுக்கும் சத்தத்தை நான் கேட்டேன். உள்ளே கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் காலடியில் என் நாய். தரை முழுக்க விரல் கனத்துக்குத் தூசி. அதில் ஒரு தடம்கூட இல்லை என்று போலீஸ்காரர்தான் சொன்னார். நாயின் தடமும் இல்லை. "பால்கனி வழியா ஏறியிருக்கும்," என்றும் அவரே சொன்னார். மூன்றாவது மாடிக்கு நாய் ஏறிப் போனதாம்.

குல்ஷாரா நாயின் முன்னால் குந்தினாள்.

"இது அக்தோஸ்தான். மார்புல இவ்வளவு பெரிய வெள்ளை. பேரே அதை வெச்சுத்தானே வந்துச்சு, 'வெள்ளை மார்பு'ன்னு. அஞ்சு வருஷம் ஐயாகூட இந்தப் படியில ஏறி இறங்கினவ. ஆகஸ்ட் இருபத்தேழு, அந்த ஸ்டூல்ல உக்காந்தபடியே போயிட்டார். நிலைப்படியில குனிஞ்சுதான் வருவார், அவ்வளவு உயரம்."

சேணத்தின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். அதை என் உயரத்துக்குக் குறைத்து, இரண்டு பக்கமும் திருகு போட்டு இறுக்கி வைத்திருந்தேன். இப்போது அது கடைசித் துளை வரை நீட்டியிருந்தது. திருகு அதே இறுக்கத்தில் இருந்தது.

மறுநாள் காலை பதினொன்று பத்துக்கு ரைஹான் வீட்டில் இருந்தேன். நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு, தடியைத் தட்டிக்கொண்டுதான் போனேன். தடிச் சத்தம் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த வார்த்தையைச் சொல்லிட்டியா?"

எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை பாருங்கள்.

"ஆமா. உள்ளதைச் சொல்லு."

"எனக்கிருந்த கொஞ்சப் பார்வையும் போயிட்டே இருக்கு உல்ஜான். யார்கிட்டயும் சொல்லல. ஒரு வாரம்னுதான் வாங்கினேன். என் தங்கச்சி ஊருல வெச்சுக்கிட்டேன். ரெண்டாம் நாள் தனியா சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கிட்டு வந்தேன். யாரையும் பிடிக்காம. அப்புறம் எப்படித் திருப்பித் தருவேன்? கார்ல அடிபட்டுப் போச்சுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். ஒம்பது நாள்ல அவரும் போயிட்டார்."

"அப்புறம்?"

"நாயோட இங்க திரும்பி வந்தேன். ஒரு நாள் நானும் வாய் தவறிச் சொன்னேன். அவ என்னையும் அங்க கூட்டிட்டுப் போனா. அவர் முழங்கையைப் பிடிச்சார். வீட்டுக்கு வந்தும் விடல. குளிக்கும்போது, தூங்கும்போது... மூணு நாள். வேற ஆளைக் கொடுத்தா விடறேன்னார். அந்த வார்த்தை உன் வாயில வராத வரைக்கும் உன்கிட்ட வர மாட்டார்னு நெனச்சேன்."

அடுப்பில் தேநீர்ப் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"பதினோரு வருஷம் பக்கத்துக் கட்டில்டி. உனக்கு வேற யாருமே கிடைக்கலையா?"

அவள் எழுந்து பானையை இறக்கி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் நீட்டற காகிதத்துல ஒரு கேள்வியும் கேக்காம கைநாட்டு வைக்கற ஆள் நீ ஒருத்திதானே."

தடியைத் தேடி எடுத்தேன். அவள் அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்று வெளியே வந்துவிட்டேன்.

நாய் வாங்கிய அன்று சங்கத்துக்கு ரசீது என்று சொல்லி ஒரு தாளில் என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். ஒரு பிரதியை என் அலமாரியில் அவளே வைத்துவிட்டுப் போனாள். அச்சடித்த எழுத்தென்றால் என் போன் படித்துவிடும். இது கையால் எழுதியது. அதை எடுத்துக்கொண்டு குல்ஷாரா வீட்டுக்குப் போனேன். மணி பன்னிரண்டு நாற்பது.

அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். போகப் போகக் குரல் இறங்கியது.

"'தாஸ்தெமிர் தன் நாய் அக்தோஸை, சபர்பேக் மகள் உல்ஜானிடம் தருகிறார். அதற்கு ஈடாக, அவர் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் உல்ஜான் அவரை அழைத்துப் போவாள்.' கீழ ரெண்டு கைநாட்டு. ஒண்ணு சின்னது. இன்னொண்ணு பெரிய விரல்... தேதி, செப்டம்பர் பதினாலு."

"மறுபடி படி."

"செப்டம்பர் பதினாலுதான். அவர் அடக்கத்துக்கு ரொட்டி மாவு பிசைஞ்சதே நான். ஆகஸ்ட்ல."

என் வலது முழங்கையை இடது கையால் மூடிக்கொண்டேன்.

"எதுவரைக்கும்னு போட்டிருக்கா?"

அவள் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது. மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

"போடல," என்றாள்.